சாமிக்குக் குச்சு கட்டிய கதை

நம் வயதுக்காரர்களில் கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாட்டு எப்படியும் வந்திருக்கும். முருகன் வேஷத்தில் ஒரு சின்னக் குழந்தை, கையில் வேலோடு, கண்ணை அகல விரித்துக்கொண்டு நிற்கிற படம். அமுக்கினால் முதலில் இசைத்தட்டு தேய்கிற சத்தம், பிறகு ஒரு குரல். கேட்கிறவர்கள் எல்லோரும் "என்ன முகம், என்ன குரல்" என்று எழுதி, கைகூப்புகிற பொம்மையும் போட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கே நாலைந்து பேர் அனுப்பிவிட்டார்கள்.

உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்த முகத்துக்கும் குரலுக்கும் சம்பந்தம் இல்லை. முகம் ஒரு குழந்தையுடையது, குரல் வேறு ஒருத்தியுடையது. படத்தின் கடைசியில் முருகன் கரையிலிருந்து கடலுக்குள் இறங்கி மறைவார். அந்தக் காலத்தில் கொட்டகையில் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அந்த முதுகு என்னுடையது. படச்சுருள் எங்கேயும் மிஞ்சவில்லை என்கிறார்கள், ஆகவே என் முதுகைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை. குரல்காரியைத் தெரிந்தவர்களில் இப்போது நான்தான் மிச்சம். எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது, மறதியும் வந்துகொண்டிருக்கிறது. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகிற சாலையில் இன்று கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. சாலைக்கும் கடலுக்கும் நடுவில் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லுக்கு அடியில்தான் எங்கள் குப்பம் இருந்தது. மணல் அவ்வளவு அகலமாக இருந்தது, வெயிலில் ஓடிக் கடலைத் தொடுவதற்குள் கால் பொரிந்துவிடும். காற்று திரும்பினால் துறைமுகத்து நிலக்கரித் தூள் வந்து காயப்போட்ட கருவாட்டின் மேல் உட்காரும். அம்மா முறத்தால் விசிறிக்கொண்டே திட்டுவாள்.

யுத்தம் முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. புரட்டாசி மாதத்தில் ஒருநாள் சினிமாக்காரர்கள் வந்தார்கள். பிள்ளையில்லாத மீனவர் வீட்டுக்கு முருகன் சிறுவனாக வந்து வளர்ந்து, வந்த வேலை முடிந்ததும் கடலில் இறங்கிப் போய்விடுவது கதையாம். கட்டுமரமும் வலையும் நிஜமாக வேண்டும் என்று டைரக்டர் எங்கள் குப்பத்தைத் தேர்ந்தெடுத்தார். மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். வானம் அவர் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. மழை பிடித்துக்கொண்டது, வெயில் தலைகாட்டினால் படம் பிடிப்பது, இல்லாவிட்டால் கூடாரத்துக்குள் சீட்டாடுவது என்று மார்கழி வரைக்கும் இழுத்தது.

குப்பத்தில் ஓட்டுக் கூரை போட்ட வீடு எங்களுடையது ஒன்றுதான். அதனால் முருகன் எங்கள் வீட்டு முன்னறையில் குடி வந்தார். முருகனோடு அவருடைய அத்தையும் வந்தாள்.

முருகன் ஒரு பெண். அது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் குட்டிக் கண்ணனும் குட்டி முருகனும் பெரும்பாலும் பெண்குழந்தைகள்தான், குரல் உடையாது, முகம் மெத்தென்று இருக்கும் என்பதற்காக. ஆனாலும் அவளைப் பெண் என்று யாரும் கூப்பிடவில்லை. கம்பெனியில் "தம்பி" என்பார்கள். அத்தை "வாடா, போடா" என்பாள். தலைமுடியைப் பையன் மாதிரி ஒட்ட வெட்டி, அரைக்கால் சட்டை போட்டு வைத்திருந்தாள். எங்கள் குப்பத்தில் "சாமி" என்றார்கள். வேஷம் கட்டி வெளியே வந்த முதல் நாளே கிழவிகள் மணலில் விழுந்து கும்பிட்டார்கள். அட்டையில் தங்கக் காகிதம் ஒட்டிய கிரீடம், மரத்தில் செதுக்கி வெள்ளிக் காகிதம் சுற்றிய வேல். கடல் காற்றில் கிரீடம் ஊறி ஒருபக்கம் சாயும், அவள் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டே வலது கையால் அருள் கொடுப்பாள்.

அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. நாடகக் கம்பெனியில் பிறந்து, நடக்கப் பழகியதே மேடையில் என்றாள். அத்தை ஒரு காலத்தில் நாடகத்தில் ராணி வேஷம் போட்டவளாம். சினிமாவுக்கு வந்தபோது வயது கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து இந்தக் குழந்தையை முன்னுக்குக் கொண்டுவந்தாள். அதற்குள் பல படங்களில் கண்ணனாகவும் முருகனாகவும் பாடி நடித்திருந்தாள் அந்தப் பெண். சுவரொட்டியில் அவள் முகம் போட்டிருக்கிறார்கள் என்று அத்தையே சொல்லுவாள். வயது ஒன்பது என்றும் சொல்லுவாள்.

எனக்கு அப்போது ஒன்பது முடிந்திருந்தது. இரண்டு பேரும் ஒரே உயரம். ஆனால் அவள் கைவிரல்கள் என்னுடையதைவிட நீளம், பாதமும் நீளம். பேச்சு பெரியவர்கள் பேச்சு. நான் அதையெல்லாம் சினிமாக்காரி என்பதால் அப்படி என்று எடுத்துக்கொண்டேன்.

அத்தைக்கு ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் வாசல் நிலையில் கரிக்கட்டையால் ஒரு கோடு போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் அவளை முதுகை நிலையில் ஒட்டி நிற்கவைத்து, தலைமேல் தட்டையாக ஒரு பலகையை வைத்துப் பார்ப்பாள். கோட்டுக்குள் அடங்கியிருந்தால் அன்று அத்தை முகத்தில் களை இருக்கும். விளையாட்டுக்கு என்னையும் நிற்கவைத்து எனக்கொரு கோடு போட்டாள். மழை முடிவதற்குள் நான் என் கோட்டைத் தாண்டிவிட்டேன். அவள் தாண்டவில்லை.

தாண்டாததற்குக் காரணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. காலையில் ஒரு இட்லி, மத்தியானம் கொள்ளுக் கஞ்சி, ராத்திரிக்குப் பால் கலந்த தண்ணீர். அவ்வளவுதான். அம்மாவால் அதைச் சகித்துக்கொள்ள முடியவில்லை. என் அம்மா மீன் விற்கிறவள். யாராவது அவள் எதிரே பசியோடு இருந்தால் அவளுக்கு வியாபாரம் ஓடாது. அத்தை அந்தண்டை போனதும் வஞ்சிர வறுவலில் ஒரு துண்டை எடுத்துச் சோற்றுக்குள் புதைத்து அவள் கையில் கொடுப்பாள். கொடுக்கும்போதெல்லாம் ஒரே வார்த்தைதான். "துன்னு கண்ணு, அப்பத்தான் வளருவே."

ஒருநாள் அத்தை காதில் அது விழுந்துவிட்டது. உள்ளே வந்து, இனிமேல் என் பிள்ளைக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லாதே என்று நிதானமாகச் சொன்னாள். இதே கம்பெனியின் போன படத்தில் கண்ணனாக நடித்த ஒரு பெண் பாதியில் வளர்ந்துவிட்டாளாம், இப்போது எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாதாம். சாமி வேஷத்துக்குப் பெரியவளான பெண் ஆகாது, ஜனங்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், வேஷம் போனால் இவளுக்கும் எனக்கும் போக்கிடம் எது என்றாள். அம்மா கொடுப்பதை நிறுத்தவில்லை, மறுநாளிலிருந்து அதை மெதுவாகச் சொல்லப் பழகிக்கொண்டாள்.

குப்பத்து ஆம்பிளைகள் செய்ததையும் சொல்ல வேண்டும். யாரோ ஒருவர் விடிகாலையில் கடலுக்குப் போகும்முன் சாமி கையால் துடுப்பைத் தொடச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவருக்கு நல்ல பாடு, வலை நிறைய மீன். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து எங்கள் வாசலில் துடுப்பும் கையுமாக ஆட்கள். என் பெரியப்பா குப்பத்துக்குத் தலைவர், அவர்தான் முதல் ஆளாக நிற்பார். அவள் தூக்கக் கலக்கத்தில், அரைக்கால் சட்டையோடு, ஒவ்வொரு துடுப்பாகத் தொட்டுக்கொண்டு போவாள். எங்கள் நைனா மட்டும், கொயந்தைய தூங்க வுடுங்கடா என்று முனகுவார். முனகிவிட்டு அவரும் தன் துடுப்பை நீட்டுவார்.

சாமிக்குக் கடல் என்றால் பயம். இடுப்பளவு தண்ணீருக்கே உதடு வெளுத்துவிடும். டைரக்டர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, முதுகுப் பக்கம் ஒரே மாதிரிதானே இருக்கிறார்கள் என்றார். கடலுக்குள் இறங்குகிற காட்சிக்கு நான் என்று முடிவாயிற்று. அவள் பாட்டுகளை முன்கூட்டியே ஸ்டுடியோவில் அவளையே பாடவைத்துப் பதிவு செய்துவிட்டார்கள். கரையில் அவள் முகம் காட்டிப் பாடுகிற காட்சிகள்தான் பாக்கி, அதற்குத்தான் வெயிலுக்காகக் காத்திருந்தார்கள்.

காத்திருந்த நாட்களில் அவள் எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டாள். அவளுடைய தமிழ் வசனத் தமிழ், "ஆகட்டும் தாயே" என்கிற ரகம். எங்களோடு சேர்ந்து "இன்னாமே", "பேஜாரு", "வந்துகினு கீறேன்" என்று சொல்லிப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அத்தை வருகிற காலடி கேட்டால் உடனே "ஆகட்டும் தாயே" ஆகிவிடுவாள்.

ஐப்பசியில் எதிர்வீட்டுப் பெண் பெரியவளானாள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிக் குச்சு கட்டி, பெண்ணை அதற்குள் உட்காரவைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை, புட்டு என்று ஊரே கொண்டுவந்து கொட்டும். அவள் எங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேள்விமேல் கேள்வி. எத்தனை நாள் இப்படிக் கொடுப்பார்கள், போதும் என்றால் விட்டுவிடுவார்களா இன்னும் வைப்பார்களா, அந்தப் பட்டுப் பாவாடை அவளுக்கேவா, மாமா இல்லாத பெண்ணுக்கு யார் குச்சு கட்டுவார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மாமா இல்லாவிட்டால் எந்த வீட்டில் பெரியவளானாளோ அந்த வீட்டு அம்மாவின் தம்பி கட்டுவார், அந்த வீட்டுக்கு அது கடமை என்று சொன்னேன். அதை அவள் மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னாள்.

கார்த்திகை கடைசியில் வானம் வெளுத்தது. வேஷத் துணிகள் மழையில் பாழாகிவிட்டதால் புதிதாகத் தைக்கச் சொல்லி அத்தை ஸ்டுடியோவுக்குப் போனாள். மறுநாள்தான் வருவாள். பெண்ணை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள்.

அன்று காலை அந்தப் பெண் அம்மாவைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். அழுகை இல்லை, சந்தோஷம். நைனாவிடம் சொன்னாள். நைனா வலையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். அந்தப் பெண்ணுடைய அத்தை வரட்டும், அவர்கள் தொழில் வேறு மாதிரி, கேட்டுக்கொண்டு செய்யலாம் என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"பொண்ணு ஒக்காந்தத யாருனா ஒளிச்சு வெப்பாங்களா? தாயில்லாத கொயந்தய்யா. நம்ம வூட்ல ஒக்காந்துகீது. நாம செய்யாங்காட்டி யாரு செய்வாங்க?"

அம்மாவுக்கு வேஷம் போய்விடும் என்பது தெரியாமல் இல்லை. அத்தையே வாயைத் திறந்து சொல்லியிருந்தாள். ஆனால் அது அம்மா காதில் ஏறியதே தவிர மனசில் ஏறவில்லை. ஒரு பெண் பெரியவளாவதை ஊருக்குச் சொல்லாமல் இருப்பது என்ற ஒன்று இருக்க முடியும் என்றே அவளால் நினைக்க முடியவில்லை. சொல்லாமல் மறைத்தால் பெண்ணுக்கும் ஆகாது, அந்த வீட்டு ஆம்பிளை ஏறுகிற கட்டுமரத்துக்கும் ஆகாது என்று வளர்ந்தவள். நல்லது செய்கிறோம் என்ற நிச்சயத்தோடு தன் தம்பியான என் மாமாவுக்கு ஆள் அனுப்பினாள்.

மாமா எங்கேயோ போய்ப் பச்சை ஓலை வெட்டிக்கொண்டு வந்தார். மத்தியானத்துக்குள் எங்கள் வாசலில் குச்சு நின்றுவிட்டது. மேளக்காரர்கள் வந்தார்கள். அம்மா தன் கல்யாணச் சேலையை எடுத்து அவளுக்கு இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். வெட்டிய முடியில் பூ நிற்கவில்லை. தலையைச் சுற்றிக் கறுப்புக் கயிறு கட்டி அதில் கனகாம்பரத்தைச் செருகினாள். பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். முந்தின நாள் வரை காலில் விழுந்த கிழவிகளே, இப்போது அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். எவ்வளவு கொடுத்தாலும் சாப்பிட்டாள். களி, முட்டை, புட்டு எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கம்பெனிக் கூடாரம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. மேளச் சத்தம் கேட்டு வந்த டைரக்டர் குச்சுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றார். நல்ல மனுஷர்தான். கையில் இருந்த சிகரெட்டை மணலில் போட்டு மிதித்துவிட்டு, அம்மாவிடம், "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அம்மாவுக்கு அப்போதுதான் அத்தை சொன்னது உறைத்தது.

பெரியப்பாவுக்கு வேறு கவலை, தீட்டு. சாமி தொட்ட துடுப்புகளையெல்லாம் சேர்த்து மஞ்சள் தண்ணீரில் கழுவி, அம்மன் கோயிலில் சார்த்திவைத்துவிட்டு எடுக்கச் சொன்னார். அதோடு அந்த வழக்கம் முடிந்தது.

மறுநாள் அத்தை ஜட்காவில் வந்தாள். சாலை முனையிலேயே யாரோ சிரித்துக்கொண்டே நல்ல செய்தி சொல்லியிருக்கிறார்கள். வந்தவள் குச்சைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. நேராக வாசல் நிலைக்குப் போய் அந்தக் கரிக்கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். அத்தை சொம்பை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"ஊருக்கே மேளம் அடிச்சுச் சொல்லிட்டியே. இனிமே இவளை யார் சாமின்னு கூப்பிடுவாங்க? எங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டே நீ."

நான் ஓலை இடுக்கு வழியாகக் குச்சுக்குள் பார்த்தேன். அவள் மடியில் புட்டுத் தட்டை வைத்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா என்று தெரியவில்லை, முகம் நிழலில் இருந்தது. வாய் மட்டும் நிற்காமல் அசைந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள். குச்சைப் பிரிக்கிற நாள் வரைக்கும்கூட இருக்கவில்லை. மர வேல் முன்னறை மூலையில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜட்கா பின்னால் ஓடினேன், எட்ட முடியவில்லை. அந்த வேல் பல வருஷம் எங்கள் கூரை இடுக்கில் இருந்தது. கடல் வீட்டைத் தின்ன ஆரம்பித்து நாங்கள் மேலே குடிபோனபோது எங்கேயோ தவறிவிட்டது. கரிக்கோடு போட்ட வாசல் நிலையை மாமா விறகுக்குப் பிளந்தார்.

அப்புறம் கம்பெனியார் வேறு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். பாட்டுகளை மறுபடி பதிவு செய்ய அவகாசம் இல்லை, அதனால் புதுக் குழந்தை பழைய குரலுக்கு வாயசைத்தது. என்னைக் கடலுக்குள் நடக்கச் சொன்னார்கள். திரும்பிப் பார்க்காமல் நட என்றார் டைரக்டர். நான் நடந்தேன். குப்பமே கரையில் நின்று பார்த்தது, அம்மா மட்டும் வரவில்லை.

படம் ராயபுரத்துக் கொட்டகைக்கு வந்தபோது நைனா எங்களை அழைத்துப்போனார். முதல் பாட்டு ஆரம்பித்து அந்தக் குரல் வந்ததும் அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். இடைவேளையில் நான் போய்ப் பார்த்தேன். கொட்டகை வாசல் படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். என் முதுகை அவள் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு அம்மா எந்த வீட்டுச் சடங்குக்கும் போய்த் தண்ணீர் ஊற்றியதில்லை. குப்பத்தில் எத்தனையோ பெண்கள் வயசுக்கு வந்தார்கள், எல்லோரும் வந்து அழைப்பார்கள். அம்மா சாமான் அனுப்புவாள், தான் போகமாட்டாள். எனக்கு நடந்தபோதுகூடச் சித்திகளை விட்டு ஊற்றச் சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றாள். எனக்கு அது பெரிய மனத்தாங்கலாக இருந்தது. கேட்டதற்கு, "என் கை ராசியில்ல. ஒரு கொயந்த சோத்துல மண்ணப் போட்ட கை" என்றாள். நான் படித்து மாநகராட்சிப் பள்ளியில் டீச்சராகி, கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு வந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் மகள் பெரியவளானபோது அம்மாவை நான் அழைக்கக்கூட இல்லை, சொல்லி மட்டும் அனுப்பினேன். குளித்து, புதுச்சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள். முதல் சொம்பை அவளே எடுத்து ஊற்றினாள். என்னம்மா இது என்று கேட்டேன். வயசாயிட்டுது, போதும் என்றாள். எனக்கும் அப்போது அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் புலம்பலும் அதோடு நின்றுவிட்டது என்பதை வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

அம்மா கடைசிவரை மீன் விற்றாள். காசிமேட்டில் எடுத்து, தண்டையார்பேட்டை மார்க்கெட் ஓரத்தில் உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால் வாடிக்கைக்காரர்களைப் பற்றிச் சொல்லுவாள். பேரம் பேசுகிறவர்கள், செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்கள், எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. குரல் கட்டின அம்மா என்று ஒருத்தியைச் சொல்லுவாள். வாராவாரம் வருமாம், பேரமே பேசாதாம், அவளுக்கு மட்டும் ஒரு மீன் கூடப் போடுவாளாம். அது இளைத்துப்போய் இருக்கிறது என்று கவலைப்படுவாள். நான் காதில் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டேன்.

அம்மா போன பிறகு கருமாதி அன்று, பந்தி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு அம்மாள் வாசலில் தயங்கி நின்றார். அறுபது வயது இருக்கும். நரைத்த முடியை நீளமாகப் பின்னி விட்டிருந்தார். யார் என்று தெரியவில்லை. உள்ளே கூப்பிட்டேன். கரகரத்த குரலில், "நான் ஒங்க வூட்டுக் குச்சுல ஒக்காந்த பொண்ணு" என்றார்.

பக்கத்தில் உட்காரவைத்தேன். அந்த நாளுக்குப் பிறகு சாமி வேஷம் கிடைக்கவில்லை என்றாள். தோழிகளில் ஒருத்தி, கூட்டத்தில் ஒருத்தி, பிறகு அதுவும் இல்லை. ஸ்டுடியோவில் பின்பாட்டுக்குப் பத்துப் பேரோடு நின்று பாடியிருக்கிறாள். அத்தை மனசு உடைந்தே செத்துப்போனாள், கடைசிவரை அவளை இவள்தான் பார்த்துக்கொண்டாள். அச்சுக்கூடத்தில் வேலை செய்த ஒருவரைக் கட்டிக்கொண்டு தண்டையார்பேட்டைக்கு வந்தாள். குரல் போன பிறகு எதுவும் இல்லை.

நான் அம்மாவுக்காக மன்னிப்புக் கேட்டேன். உன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோம் என்று சாகும்வரை நினைத்தாள் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா கெடுத்தது? அது மொத தபா இல்லமே. அதுக்கு முன்னாடியே ஆயிட்டேன். அத்தைக்குத் தெரியும், துணியக் கட்டி மறைச்சு வெச்சிருந்துச்சு. ஒங்க வூட்ல நானா போயித்தான் அம்மாகிட்ட காட்டினேன். குச்சுல ஒக்காரணும்னு ஆசையா இருந்துச்சு. வயிறு நெறைய துன்னணும்னு இருந்துச்சு. ஒரு தபா பொண்ணுன்னு கூப்புடட்டும்னு இருந்துச்சு."

பிறகு கொஞ்சம் சிரித்தாள். அந்த ஐப்பசியில், அத்தை மறைத்து வைத்திருந்த நாட்களில்தான் உன் பெரியப்பா துடுப்பையெல்லாம் தொட்டேன், அன்றைக்குத்தான் குப்பத்துக்கே பெரிய பாடு என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. இதைச் சொல்ல இத்தனை வருஷமா, அவள் உயிரோடு இருந்தபோது ஒருமுறை வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். குரல் உயர்ந்து, பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வந்துகொண்டுதான் இருந்தேன் என்றாள். மார்க்கெட்டில் அம்மாவைப் பார்த்த முதல் நாளே அடையாளம் தெரிந்துவிட்டதாம். சொல்லிவிடலாம் என்றுதான் கிட்டே போனாளாம். வாய் வரவில்லை, மீன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாளாம். அடுத்த வாரமும் அப்படியே. சொன்னால் அம்மா அழுவார்கள், நானும் அழுவேன், அப்புறம் சும்மா மீன் வாங்கப் போக முடியாது என்று விட்டுவிட்டாளாம். குரல் கட்டின அம்மா யார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"என்னிய அடையாளமே தெரியல அதுக்கு," என்றாள். "தெரியாமயே ஒரு மீனு கூடப் போடும். மறுக்கா மறுக்கா அதே வார்த்ததான். துன்னு கண்ணு, அப்பத்தான் வளருவேன்னும். பேத்திக்கு நான்தான் தண்ணி ஊத்தினேன்னு ஒரு நாளு அதுவா சொல்லிச்சு. எங்கிட்ட எதுக்குச் சொல்லுதுன்னு நெனச்சுக்கினேன்."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே ஐம்பதை நெருங்கின பெண்பிள்ளையைப் பார்த்து வளருவே என்று யார் சொல்லுவார்கள்? அந்த வார்த்தையை அம்மா என்னிடம் சொன்னதில்லை, என் பிள்ளைகளிடமும் சொன்னதில்லை. ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

"அம்மாவுக்குத் தெரியும். உன்னைத் தெரிஞ்சுதான் மீன் போட்டிருக்கா. உன்னைப் பார்த்த பிறகுதான் என் பொண்ணுக்குத் தண்ணி ஊத்த வந்திருக்கா" என்றேன்.

அவள் நீளமான அந்த விரல்களால் சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். பிறகு எழுந்து, யாரும் கூப்பிடாமல் தானாகவே பந்தியில் போய் உட்கார்ந்தாள். நானே பரிமாறினேன். எங்கள் அம்மா இல்லாத அந்த வீட்டில் தலை நிமிராமல் சாப்பிட்டாள். இலை காலியானதும், இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று கேட்டாள்.